தயவுசெய்து

விடிந்து ஒரு மணி நேரம் ஆனால்
எங்கள் ஊரில் மணி ஒன்று.
காருக்கு அது உச்சிவேளை.
வருடக் கணக்கிலும் எங்களைவிட ஏழோ எட்டோ முன்னே.
அடிஸ் அபாபாவுக்கு வந்து சேர்ந்தும்
பிறந்த ஊர் நேரத்தையே கட்டிக்கொண்டு அழுதது.
திருத்தத் தெரிந்தவர் இல்லை.
திரை முழுக்கச் சீன எழுத்து.

பெட்ரோல் கார் இனி நாட்டுக்குள் வராது என்றார்கள்.
லாடாவை விற்றேன்.
மைத்துனனிடம் கடன், அஸ்கலெச்சின் இரண்டு வளையல்.
போலேயில் கண்ணாடிக் கடை.
சாவி என்று ஒருவன் நீட்டியது
ஒரு பிளாஸ்டிக் அட்டை.

முதல் மாதம் பொன் மாதம்.
புகையில்லை, இரைச்சலில்லை.
ஷிரோ மேடாவில் ஏறியவர்கள் மெக்சிகோ சதுக்கம் வரை
கோயிலுக்குள் பேசுவதுபோல்
குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

பிறகுதான் அவள் வந்தாள்.
என்தோத்தோ இறக்கத்தில் மூன்று முறை மணி,
சிவப்பில் ஒரு வரி,
பின்பு ஒரு பெண் குரல்.
அவசரமே இல்லை அதில்.
விருந்தாளி வாயில் இன்னொரு கவளம்
ஊட்டப் போகிறவளின் குரல்.

சார்ஜ் கேட்கிறாள் என்றான் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.
பாட்டுப் பாடுகிறாள் என்றாள் காய்கறிக் கூடைக்காரி.
முப்பது வருடம் லாடா பிரித்த தெமெஸ்கென்
முன்மூடியைத் திறந்து
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்,
சாவு வீட்டுக்கு வந்தவன்போல்.
'இதில் எண்ணெயே இல்லையே' என்றான்.
மூடினான்.

மழை மாதத்தில் ஒரு நாள் கதவு திறக்கவில்லை.
உள்ளே அழுத்தினால் பதில் இல்லை,
வெளியே கைப்பிடி உடம்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.
பாதி இறங்கிய ஜன்னல் வழியே
ஒரு கன்னியாஸ்திரியைத் தூக்கி இறக்கினோம்.
சிரித்தோம்.
அவரும் சிரித்தார்.

திரையைப் படம் பிடித்து
மெர்காத்தோவில் டைல்ஸ் விற்கும் லியாவ் ஷூஃபெனிடம் காட்டினேன்.
எங்கள் பாஷையிலேயே பேரம் பேசி
எங்களைத் தோற்கடிப்பவள்.
படித்தாள்.
கால்குலேட்டரைத் தள்ளி வைத்தாள்.
எத்தனை நாளாக?
பதினொரு வாரம்.
ஆள் ஏற்றினாயா?
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
நிறுத்திவிட்டேன்.

பேட்டரி மிகவும் சூடாகிறது.
பாதுகாப்பாக நிறுத்தவும்.
தயவுசெய்து இறங்கித் தள்ளிச் செல்லவும்.

'மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறாள்'
என்றாள் லியாவ்.

போலேயில் அந்தக் கடை இருந்த இடத்தில்
இப்போது மெத்தை விற்கிறார்கள்.

காரை வீட்டிலிருந்து எண்பது அடி தள்ளி
வெறும் மண்ணில் நிறுத்தினேன்.
அது நின்றாலும்
தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

நேற்று பஹிர் தாரிலிருந்து வாங்க வந்தான் கெப்ரு.
கூடவே மனைவி, ஏழு மாதம்.
விலையைச் சொன்னேன்.
கடன் தீர்ந்து வளையலும் மீளும் விலை.
முகம் சுளிக்கவில்லை அவன்.
சும்மா ஒரு சுற்று என்றான்.

இறக்கத்தில் மணி. மூன்று முறை.
'என்ன சொல்கிறாள்?' என்றான்.

பெல்ட் போடச் சொல்கிறாள்
என்றேன்.

உடனே மாட்டிக்கொண்டான். டக்.
பின்னால் அவளும்
வயிற்றுக்குக் கீழே வாகாக இழுத்துவிட்டு,
மெதுவாக,
டக்.

யூகலிப்டஸ் மரங்களுக்கு அப்பால்
வெட்டவெளி பார்த்து ஓரங்கட்டினேன்.
சீனத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்,
லியாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தது.
அதைச் சொன்னேன்,
அவளைப் போலவே, அவசரமில்லாமல்.
இருவரும் சிரித்தார்கள்.
பிறகு அம்ஹாரிக்கில் சொன்னேன்.

இறங்கி அந்தப் பெண் பக்கம் ஓடினேன்.
கைப்பிடி,
நல்லவேளை,
வெளியே நீண்டது.